கடற்படையிலிருந்து கூடங்குளம்: தம்பிக்கு வழி சொல்லுங்கள்

மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். தம்பி கடற்படையில் 15 வருடம் முடித்து வரும் மாசியில் ஊர் திரும்புகிறான். அணுசக்தி நீர்மூழ்கியில் எந்திரப் பிரிவு, அதற்கு மேல் வீட்டிலும் சொல்ல மாட்டான், சொல்லவும் கூடாது. அப்படியானால் கூடங்குளம் அணுமின் நிலைய வேலைக்கான விண்ணப்பத்தில் அனுபவம் என்று எதை எழுதுவது? ரகசியம் மீறாமல் எழுதிக் கொடுத்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கூடங்குளத்தில் ஓடும் இரண்டு 1000 மெகாவாட் உலைகளும் சாதாரண நீரை உயர் அழுத்தத்தில் வைத்து இயங்குபவை, நீர்மூழ்கி உலையும் அந்த வகைதான், அதனால் கல்பாக்கத்தின் கனநீர் உலைகளைவிட கூடங்குளம் அவன் கைக்குச் சீக்கிரம் பிடிபடும் என்று நினைக்கிறேன். ஆனாலும் கட்டுப்பாட்டு அறையில் உலையை இயக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய உரிமம் வேண்டும். பழைய அனுபவத்துக்கு அதில் கணக்கு உண்டா, இல்லை பயிலுநராக முதலிலிருந்தா?

வயது 34. முன்னாள் படைவீரருக்குப் பணிக்காலத்தைக் கழித்து மேலும் 3 வருடம் சலுகை என்கிறார்களே, பயிலுநர் தேர்வுக்கும் அது செல்லுமா? அப்புறம், பணியில் அவன் உடம்பில் பட்ட கதிர்வீச்சு அளவுப் பதிவையும் கையோடு வாங்கி வரச் சொல்லவா?

வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டு வந்த தரகரை அனுப்பிவிட்டேன். எதுவும் அமையாவிட்டால் அப்பாவின் படகில் ஏறுவேன் என்கிறான். கடல் தொழிலில் குறையில்லை, ஆனால் இத்தனை வருடம் கற்றது வீணாகப் போக எனக்கு மனமில்லை. இதே வழியில் போனவர்கள் தயவுசெய்து பதில் போடுங்கள்.