தெம்பே மணற்காட்டில் பக்கி (பிக்கப் வண்டி) சூடேறுகிறது, கிளட்ச் வாடை: எதைப் பார்ப்பது?

கேள்வி (சாட்ஸ்வர்த்):
அண்ணன்மாருக்கு வணக்கம். ஈஸ்டர் லீவில் தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நடாலில் இருக்கிற தெம்பே யானைக் காப்பகம் போனோம். டீசல் டபுள் கேப் பக்கி, மேனுவல் கியர், ஃபோர் பை ஃபோர். வழியில் ஹ்லுஹ்லுவே ஊர் தாண்டியும் தார் ரோட்டில் ஒரு குறையும் இல்லை. உள்ளே மத்தியானம் ஒரு மணல் ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் ஏறியது, கிளட்ச் கருகுகிற வாடை, வண்டி அடிவயிறு தட்டி உட்கார்ந்துவிட்டது. யானை நடமாடுகிற இடம், இறங்கவும் வழியில்லை. காப்பகத்து வண்டி வந்துதான் இழுத்தார்கள். டயரில் காற்று 2.2 பார், ஹை ரேஞ்சில் (சாதாரண ரோட்டுக்கான கியர் வரிசை) ஓட்டினேன். ரேடியேட்டர் தண்ணீர் குறையவில்லை. ஒர்க்‌ஷாப்பில் கிளட்சையே மாற்றச் சொல்கிறார்கள். ஜூன் லீவில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கத்துக் கடலோரம் கோசி பே போகணும். மாற்றித்தான் ஆகணுமா?

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
தம்பி, அவசரப்பட்டுக் காசைக் கொடுக்காதே. முதலில் கிரில்லுக்குள் டார்ச் அடித்துப் பார். அந்தத் தடங்களில் நடுமேட்டில் புல் வளர்ந்து நிற்கும். அதன் விதை பறந்துபோய் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் கம்பளி மாதிரி அப்பிக்கொள்ளும். காற்று புகாது, முள் ஏறும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகக் காற்றடி. முன்னாலிருந்து அடித்தால் இன்னும் உள்ளே போய்ச் செருகும். வண்டிக்கு அடியிலும் படுத்துப் பார். சைலன்சர் குழாய் மேல் காய்ந்த புல் சேர்ந்தால் வண்டியே தீப்பிடிக்கும். குழந்தைகள் ஏறுகிற வண்டி, தயவுசெய்து இதை விட்டுவிடாதே. அடுத்த தடவை முன்னால் விதை வலை கட்டிக்கொண்டு போ.

பதில் (பீனிக்ஸ்):
அண்ணன் சொல்வது சரி. கிளட்ச் வாடைக்குக் காரணம் டயரில் அந்த 2.2 பார் காற்றுதான். சுமையோடு போனால் 1.2க்கு இறக்கு, சிக்கினால் 1.0. 0.8க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். ஏற்றம் வருமுன்பே லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவையோடு போகிற வரிசை), இரண்டாம் கியர். அப்புறம் கிளட்சில் கால் வைக்காதே. நிறுத்தும்போது பிரேக் வேண்டாம், தானாக நிற்கட்டும், இல்லாவிட்டால் டயர் முன்னால் மணல் குவியும். காலையில் மணல் ஈரமாக இறுகியிருக்கும், அப்போதே ஓட்டு. தார் ரோடு ஏறுமுன் திரும்பக் காற்றடிக்கக் கம்ப்ரசர் கட்டாயம்.

கேட்டவர்:
கைப்பிடி கைப்பிடியாக விதை வந்தது அண்ணா! முள் இப்போது நடுவிலேயே நிற்கிறது. கிளட்ச்?

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
ஏற்றத்தில் ஐந்தாம் கியரில் ஆக்சிலேட்டரை நன்றாக மிதி. ஆர்பிஎம் (எஞ்சின் சுற்று) மட்டும் ஏறி வேகம் ஏறவில்லையென்றால் மாற்று. இரண்டும் சேர்ந்து ஏறினால் விடு, இன்னும் ஓடும். கோசி முகத்துவாரத்துக்கு முன்கூட்டியே பெர்மிட் வாங்கிவிடு. கடற்கரை மணலில் மட்டும் வண்டியை இறக்காதே, 2002லிருந்து தடை.