ஐடி வளாகம் பக்கத்தில் 2 ஏக்கர்: கீழே கடை, மேலே ஆபீஸ். எவ்வளவு கட்டலாம்?

கேள்வி – ஓஎம்ஆர்_மனை

ராஜீவ் காந்தி சாலையில் நாவலூர் தாண்டி, சிறுசேரி சிப்காட்டுக்கு அருகே 2 ஏக்கர், அதாவது 8,094 சதுர மீட்டர். சாலை முகப்பு 50 மீட்டர், ஆழம் ஏறக்குறைய 162 மீட்டர். பட்டா, வில்லங்கம் எல்லாம் சரியாக இருக்கிறது. சுமார் 10,000 பேர் பணிபுரியும் வளாகத்தின் கேட் 300 மீட்டர் தூரத்தில், அதே பக்கத்தில் உள்ளது. ஒரு பேஸ்மென்ட், கிரவுண்ட் ஃப்ளோர் முழுக்கக் கடைகள், மேலே 3 அல்லது 4 மாடி ஆபீஸ் என்று ஆர்க்கிடெக்ட் வரைந்திருக்கிறார். 10,000 பேர் பக்கத்திலேயே இருக்கும்போது 40,000 சதுர அடி கடை ஓடாதா? அனுமதி, பார்க்கிங், தண்ணீர் விஷயங்களில் எங்கே சிக்கும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 – வாடகைக்_கணக்கு

ஓடாது சார். வளாகத்தில் எத்தனை பேர் பணிபுரிகிறார்கள் என்பதை வைத்துக் கடை அளவை முடிவு செய்யாதீர்கள். இந்தப் பகுதியில் பலர் கம்பெனி பஸ்ஸிலும் கேபிலும் நேரே உள்ளே போய், அப்படியே திரும்பிப் போகிறார்கள். உங்கள் கடை வாசலை அவர்கள் மிதிப்பதே இல்லை. உள்ளேயே கேன்டீனும் ஃபுட் கோர்ட்டும் இருக்கின்றன.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். எண்கள் எல்லாம் என் அனுமானம், உங்கள் கேட்டில் ஆள் நிறுத்தி எண்ணி மாற்றிக்கொள்ளுங்கள். 10,000 பேரில் 60 சதவீதம் அன்றைக்கு வேலைக்கு வந்தால் 6,000. மதியம் வெளியே வருபவர்கள் 12 சதவீதம் என்றால் 720. அதில் மூன்றில் ஒரு பங்கு உங்களிடம் வந்தால் 240 பேர். ஆளுக்கு 150 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 36,000 ரூபாய், 21 வேலை நாளுக்கு 7.56 லட்சம். உணவகம் விற்பனையில் 15 சதவீதத்துக்கு மேல் வாடகைக்குக் கொடுத்தால் மூச்சு முட்டும். ஆக தாங்கும் வாடகை 1.13 லட்சம். சதுர அடிக்கு 90 ரூபாய் கேட்டால், மதிய உணவுக் கூட்டம் தாங்குவது 1,260 சதுர அடி மட்டுமே! காலை டிபன், மாலை டீ, சிற்றுண்டியைச் சேர்த்து இரட்டிப்பாக்கினாலும் 2,500 அடிதான்.

மீதிக் கடைகளை வாழவைப்பது சுற்றியுள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகள். சூப்பர் மார்க்கெட், மருந்துக்கடை, ரத்தப் பரிசோதனை மையம், பல் மருத்துவர், சலூன், வங்கி என்று திட்டமிடுங்கள். சனி, ஞாயிறுகளில் வளாகம் காலியாக இருக்கும்போது ஓடப்போவது இவைதான். இரண்டு கிலோமீட்டருக்குள் எத்தனை வீடுகளில் ஆள் குடியிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். விற்ற வீட்டின் எண்ணிக்கை வேறு, இரவில் விளக்கு எரியும் வீட்டின் எண்ணிக்கை வேறு.

வளாகத்தின் எந்த கேட் நடந்து வெளியே வருவதற்குத் திறந்திருக்கிறது என்பதையும் நேரில் பாருங்கள். பஸ் கேட் 300 மீட்டரில் இருந்து, ஆள் நடக்கும் கேட் 900 மீட்டரில் இருந்தால் மேலே போட்ட கணக்கிலும் பாதி போய்விடும்.

பதில் 2 – வரைபலகை

உங்கள் மனையின் வடிவமே கடைப் பரப்பைத் தீர்மானித்துவிட்டது. முகப்பு 50 மீட்டர். இரு பக்கமும் வண்டி போக 7 மீட்டர் விட்டால் கட்டடத்தின் அகலம் 36 மீட்டர். கடைக்கு உபயோகமான ஆழம் 15 முதல் 18 மீட்டர்தான். 36-ஐ 18-ஆல் பெருக்கினால் 648 சதுர மீட்டர், ஏறக்குறைய 7,000 சதுர அடி. சாலையில் போகிறவர் கண்ணில் படும் கடை அவ்வளவே. முதல் மாடி முன்பகுதியில் உணவகங்களுக்கு இன்னொரு 7,000. பின்னால் 100 மீட்டர் தள்ளி இருக்கும் கடையை யாரும் தேடி வரமாட்டார்கள். அந்த இடத்தை ஆபீஸ் லாபி, மின் அறை, கிளினிக், பயிற்சி மையம் போன்றவற்றுக்கு விடுங்கள்.

ஓஎஸ்ஆர், அதாவது பொதுத் திறந்தவெளிக்கு இடம் ஒதுக்கும் விஷயத்தைக் கவனியுங்கள். 3,000 சதுர மீட்டருக்கு மேல் 10,000 வரை உள்ள மனைக்கு 10 சதவீதத்தைத் தானமாகக் கொடுக்கலாம் அல்லது அதற்கான வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டலாம். 10,000-ஐத் தாண்டினால் இடமாகவே கொடுத்தாக வேண்டும். நீங்கள் 8,094-இல் இருக்கிறீர்கள். இடமாகக் கொடுத்தால் 809 சதுர மீட்டர், அதுவும் பொதுச் சாலையிலிருந்து நேரே போகும்படி இருக்க வேண்டும். ஒன்று உங்கள் 50 மீட்டர் முகப்பில் பெரும் பங்கு அதற்கே போய்விடும், இல்லையென்றால் பின்னால் வரை வழி விட வேண்டிவரும். இந்த மனைக்குப் பணம் கட்டுவதே நல்லது. பக்கத்து நிலத்தையும் வாங்கிச் சேர்க்கும் யோசனை இருந்தால் 10,000 கோட்டை மனதில் வையுங்கள்.

அடுத்தது உயரம். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளின்படி 18.30 மீட்டர் வரை உயர்மாடி அல்லாத கட்டடம், எஃப்எஸ்ஐ (மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) 2. அதாவது 16,188 சதுர மீட்டர், சுமார் 1.74 லட்சம் சதுர அடி. தரைத்தளமும் மூன்று மாடியும் என்றால் ஒரு தளம் 4,047 சதுர மீட்டர். தரைத்தளத்துக்கு 4.8, மேலே 4.2 வீதம் கொடுத்தாலும் 17.4 மீட்டரில் முடிந்துவிடும். நான்கு மாடி திணித்தால் தரைத்தளத்துக்கு 4.2, மேலே 3.5 வீதம், 18.2 மீட்டர். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 3.5-இல் பீம் 0.6, ஏசி டக்ட்டும் விளக்கும் 0.45, கேபிளுக்காக உயர்த்திய தரை 0.1 போனால் தலைக்கு மேல் 2.35 மீட்டர்தான் மிஞ்சும். பெரிய கம்பெனி எதுவும் அந்தத் தளத்தை எடுக்காது. மூன்றே மாடி போதும். எஃப்எஸ்ஐ இரண்டு வழியிலும் ஒன்றுதான், தளம் கூடுவதால் பரப்பு கூடாது.

18 மீட்டர் அல்லது அதற்கு மேல் அகலமான சாலையில் உயர்மாடி போனால் எஃப்எஸ்ஐ 3.25 கிடைக்கும். சுற்றிலும் குறைந்தது 7 மீட்டர் செட்பேக் (கட்டாயமாக விட வேண்டிய காலியிடம்), தீயணைப்புத் துறை நிபந்தனைகள், கூடுதல் பார்க்கிங் எல்லாம் சேர்ந்து வரும். ஆபீஸுக்கு ஆள் கையில் இல்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

தூண் இடைவெளி 8.4 மீட்டர் வையுங்கள். 2.5 மீட்டர் அகலத்தில் மூன்று கார் 7.5, தூணுக்கு 0.6 முதல் 0.75, கொஞ்சம் கதவு திறக்க இடம். 8 மீட்டரில் போட்டால் மூன்றாவது கார் தூணை உரசித்தான் நிற்கும். அப்புறம் அந்த இடம் டூவீலருக்குப் போய்விடும்.

பதில் 3 – அனுமதி_மேசை

பதில் 2-இல் சொன்ன பரப்பில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயமாகும் எல்லை 20,000 சதுர மீட்டர். அது எஃப்எஸ்ஐ பரப்பு அல்ல, மொத்தக் கட்டுமானப் பரப்பு. பேஸ்மென்ட், மூடிய பார்க்கிங், சர்வீஸ் அறை எல்லாம் உள்ளே வரும். உங்கள் 16,188-உடன் 4,500 சதுர மீட்டர் பேஸ்மென்ட் சேர்ந்தால் 20,688. மாட்டிக்கொண்டீர்கள்! பிளான் அப்ரூவல் வாங்குகிறவர்கள் எஃப்எஸ்ஐயை மட்டும் பார்த்துவிட்டு இதை விடுவதுண்டு. கட்டி முடித்தபின் தெரிந்தால் அது விதிமீறல், அபராதத்தோடு முடியாது.

இரண்டு வழி. ஒன்று, எல்லாம் சேர்த்து 19,500-க்குள் நிறுத்துங்கள். மேலே 1,200 சதுர மீட்டர் குறையும், ஆனால் காலம் மிச்சம். இல்லையென்றால் முறையாகச் சுற்றுச்சூழல் அனுமதிக்குப் போய் எல்லையைத் தாராளமாகத் தாண்டுங்கள். 20,688-இல் நிற்பதுதான் மோசம், உழைப்பு முழுசு, பலன் கொஞ்சம். ஒரே நிலத்தை இரண்டு பெயரில் பிரித்து இரண்டு பிளானாகப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பொதுவான வழி, பொதுவான எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) இருந்தால் ஒரே திட்டமாகத்தான் பார்ப்பார்கள்.

வரிசை முக்கியம். உங்கள் சர்வே எண்ணுக்கு அனுமதி தருவது சிஎம்டிஏவா (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) டிடிசிபியா (நகர் ஊரமைப்பு இயக்ககம்) என்பதை எழுத்தில் வாங்குங்கள். பிறகு நில உபயோகம். அது குடியிருப்பு அல்லது விவசாயம் என்று இருந்தால் மாற்றம் முடியாமல் மற்றதெல்லாம் வீண். நீர்வளத் துறையின் வெள்ள அபாயத் தடையின்மைச் சான்றை அடுத்து வாங்குங்கள், ஏனென்றால் அதில்தான் தரைமட்டத்தை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று வரும். அதற்கு முன் பேஸ்மென்ட் சரிவுப் பாதை வரைந்தால் திரும்ப வரைய வேண்டிவரும். சரிவுப் பாதையின் உச்சி, சாலை நடுமட்டத்தைவிட 450 முதல் 600 மில்லிமீட்டர் உயரமாக இருக்கட்டும். சாலை புதிதாகப் போடும்போதெல்லாம் மட்டம் ஏறும்.

மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மூன்றாவது வழித்தடம் மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை இதே சாலையில் வருகிறது. நிலையப் படிக்கட்டு எங்கே இறங்குகிறது, தூண் உங்கள் வாசலுக்கு நேரே வருகிறதா, யூ-டர்ன் மாறுகிறதா என்று வரைபடத்தைப் பார்த்தபின் நுழைவாயிலைத் தீர்மானியுங்கள்.

கேள்வி கேட்டவர் – ஓஎம்ஆர்_மனை

நன்றி. பேஸ்மென்ட் பரப்பை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கடை 14,000, மீதி ஆபீஸ், மொத்தம் 19,500-க்குள் என்று மாற்றச் சொல்கிறேன். உணவகங்களுக்குக் கட்டும்போதே என்னென்ன செய்துவைக்க வேண்டும்? தண்ணீர் லாரியை எங்கே நிறுத்துவது?

பதில் 4 – சர்வீஸ்_ஷாஃப்ட்

உணவகம் வரப்போகும் இடத்தில் ஸ்லாபை 300 மில்லிமீட்டர் தாழ்த்திப் போடுங்கள். தரை வடிகாலும் கழிவுநீர்க் குழாயும் அதற்குள் ஓடும். இதைச் செய்யாவிட்டால் வாடகைதாரர் பின்னால் ஸ்லாபைத் துளைப்பார். கீழே பேஸ்மென்டில் மின் பேனல் இருந்தால் எண்ணெய்க் கசிவு நேரே அதன்மேல் இறங்கும்.

1,000 சதுர அடி கிச்சன் உள்ள கடைக்கு சுமார் 5,000 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) எக்ஸாஸ்ட் வேண்டும். நிமிடத்துக்கு 2,000 அடி வேகத்தில் டக்ட் பரப்பு 2.5 சதுர அடி. இன்சுலேஷன், சுத்தம் செய்யக் கதவு சேர்த்து ஒரு கடைக்கு 1 மீட்டருக்கு 1 மீட்டர் ஷாஃப்ட், மொட்டைமாடி வரை. ஆபீஸ் ஏசியின் வெளிக்காற்று எடுக்கும் வாய் அதற்கு எதிர்மூலையில் இருக்கட்டும். மீன் வறுவல் வாடை மூன்றாம் மாடி மீட்டிங் அறைக்குள் போனால் ஆபீஸ் வாடகைதாரர் ஒப்பந்தத்தை முடிக்கக் காரணம் கிடைத்துவிடும்.

கேஸ் சிலிண்டர் பேஸ்மென்டில் கூடவே கூடாது. எல்பிஜி காற்றைவிடக் கனம், கீழே தேங்கும். 100 கிலோவுக்கு மேல் சேமித்தால் தனி உரிமம் வேண்டும். 19 கிலோ சிலிண்டர் ஐந்து சேர்ந்தால் 95. அதற்கு மேல் போகும் என்று தெரிந்தால் ஆரம்பத்திலேயே பின்பக்கம் திறந்தவெளியில் கேஸ் பேங்குக்கு இடம் ஒதுக்கி உரிமம் வாங்கிவிடுங்கள்.

தண்ணீர்: சுமார் 1.2 லட்சம் அடி ஆபீஸ், ஆளுக்கு 100 அடி என்றால் 1,200 பேர். ஆளுக்கு 45 லிட்டர் வீதம் 54,000. உணவகத்தில் 200 இருக்கை, இருக்கைக்கு 70 லிட்டர் வீதம் 14,000. மொத்தம் 68,000 லிட்டர். டாய்லெட் ஃப்ளஷுக்கு ஆளுக்கு 20 லிட்டரை எஸ்டிபி தண்ணீரில் சமாளித்தால் நல்ல தண்ணீர் 44,000. வெளித் தண்ணீரை நம்பினால் 12,000 லிட்டர் லாரி ஒரு நாளைக்கு நான்கு. எஸ்டிபி 75 கிலோலிட்டர் திறனில் வையுங்கள். சம்ப் குறைந்தது இரண்டு நாளுக்கு, பின்பக்கம். லாரி பக்கவாட்டுப் பாதையில் போய்ப் பின்னால் திரும்பி வர வளைவு வேண்டும். சம்ப் மூடியை முன்பக்கம் வைத்தால் மதியம் ஒரு மணிக்கு, கூட்டம் வரும் நேரத்தில், கடை வாசலில் லாரி நிற்கும்.

பதில் 5 – வாடகைக்_கணக்கு

ஆபீஸ் பக்கம் இரண்டு விஷயம். 2023 டிசம்பரில் சிறப்புப் பொருளாதார மண்டல விதிகளில் 11பி சேர்ந்தபின், மண்டலக் கட்டடங்களில் காலியான பரப்பைத் தளம் தளமாக உள்நாட்டுக் கம்பெனிகளுக்கும் விடலாம். உங்களுக்குப் போட்டி அந்தப் பெரிய கட்டடங்கள்தான். அதனால் 40,000 அடி கேட்கும் ஒருவருக்காகக் காத்திருக்காமல், ஒரு தளத்தை 5,000 முதல் 10,000 அடியாகப் பிரிக்கும்படி கழிவறை, ஏசி, மின் மீட்டர் எல்லாவற்றையும் அமையுங்கள். பட்ஜெட் போடும்போது கட்டுமானத்துக்குக் கட்டும் ஜிஎஸ்டியைச் செலவாகவே எழுதுங்கள். வாடகைக்கு வசூலிக்கும் 18 சதவீதத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று 2024 அக்டோபர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை வைத்துச் சிலர் இன்னும் சொல்கிறார்கள். ஆனால் 2025 நிதிச் சட்டம் சட்ட வாசகத்தையே முன்தேதியிட்டு மாற்றிவிட்டது, அதனால் அந்தத் தீர்ப்பை நம்பிக் கழிக்க முடியாது.

கடைகளுக்கு நிலையான குறைந்தபட்ச வாடகை அல்லது விற்பனையில் பங்கு, எது அதிகமோ அது என்று எழுதுங்கள். ஒரே கட்டடத்தில் இரண்டு பிரியாணிக் கடை வராதபடி தொழில் வகையையும் ஒப்பந்தத்தில் குறியுங்கள். 11 மாதம் தாண்டி ஓராண்டுக்கு மேல் போகும் எந்த லீஸையும் பதிவு செய்துவிடுங்கள், வங்கிக் கடனுக்கு வாடகையைக் காட்டும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள்.