புதுப்பிப்பு: விடுப்பு விதிகளைச் சொல்லும் உதவியாளர் இப்போது சரியாகப் பதில் தருகிறது

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: எங்கள் அலுவலகத்து விடுப்பு விதிகள் அடங்கிய பிடிஎஃப்பைக் கொடுத்து சாட்ஜிபிடியில் கஸ்டம் ஜிபிடி (நம் கோப்புகளைக் கொடுத்து நாமே அமைத்துக்கொள்ளும் உதவியாளர்) ஒன்று உருவாக்கினேன், தமிழில் எது கேட்டாலும் கற்பனையாகப் பதில் சொன்னது.

உதவியாளருக்குக் கொடுக்கும் அறிவுறுத்தலை நீளமாக எழுதிப் பார்த்தேன், பலனில்லை. கைகொடுத்தது, "பிடிஎஃப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள்" என்று ஒருவர் சொன்ன யோசனைதான். ஒட்டியதும் காரணம் தெரிந்துவிட்டது. கோப்பு பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. கண்ணுக்கு 'விடுமுறை' என்று தெரிவது, உள்ளே டி, பி, எல், கே, ஐ, டபிள்யூ என்ற ஆங்கில எழுத்துகளாகவே இருக்கிறது. உதவியாளர் தேடும்போது அந்தச் சொல் எப்படி அகப்படும்? எழுத்துரு மாற்றி மூலம் யூனிகோடாக்கி (தமிழ் எழுத்துகளைத் தமிழாகவே சேமிக்கும் முறை), வேர்டு கோப்பாக ஏற்றினேன். உரை விதிகளுக்கு உடனே சரியான பதில் வந்தது.

எதிர்பாராதது, அட்டவணை. பணிநிலைவாரியான விடுப்பு நாட்களை அப்போதும் மாற்றி மாற்றிச் சொன்னது. கோப்பைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தேடுவதால், தலைப்பு வரிசை ஒரு துண்டிலும் எண்கள் வேறொன்றிலும் போய்விடலாம். ஒவ்வொரு வரிசையையும் முழு வாக்கியமாக எழுதினேன்: "தகுதிகாண் பருவத்தில் உள்ள ஊழியருக்கு ஈட்டிய விடுப்பு கிடையாது" என்கிற மாதிரி. அப்புறம் தடுமாறவில்லை.

"விதி எண்ணைக் குறிப்பிடு; கோப்பில் இல்லாவிட்டால் மனிதவளப் பிரிவைக் கேட்கச் சொல்" என்ற வரியையும் அறிவுறுத்தலில் கட்டாயம் சேருங்கள். பழைய தமிழ்க் கோப்பு வைத்திருப்பவர்கள் முதலில் அந்த நோட்பேடு சோதனையைச் செய்துவிடுங்கள்.