டிவியில் வெள்ளை வட்டங்கள், சாம்பல் பூத்த இரவுக் காட்சிகள்: பழுது பார்ப்பதா, புதியது வாங்குவதா?

கேள்வி

வணக்கம். எங்கள் வீட்டில் எட்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய 43 அங்குல எல்.இ.டி. டிவி இருக்கிறது. முழு எச்.டி. வகை, அதாவது 1920 × 1080 படப்புள்ளிகள். இரண்டு மாதங்களாகத் திரையின் கீழ்ப்பாதியில் ஐந்தாறு இடங்களில் காசளவு வெள்ளை வட்டங்கள் தெரிகின்றன. காட்சி மாறினாலும் அவை இடம் மாறுவதில்லை; வானம் போன்ற ஒரே நிறப் பரப்பு வரும்போது பளிச்சென்று கண்ணில் படுகின்றன. இன்னொரு குறை இதற்கு முன்பிருந்தே உண்டு. இரவுக் காட்சிகளில் கறுப்பு கறுப்பாக இல்லாமல், சாம்பல் பூத்தாற்போல் வெளிறித் தெரிகிறது.

நாங்கள் பார்க்கும் தூரம் 3 மீட்டர். பகலில் அப்பா ஏழெட்டு மணி நேரம் ஒரே செய்தி அலைவரிசையைப் பார்ப்பார். கூடத்தில் பெரிய சன்னல் இருப்பதால் வெளிச்சம் நிறைய வரும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு நானும் என் மனைவியும் படம் பார்ப்போம். இதைச் சரிசெய்து ஓட்டலாமா, அல்லது மாற்றும் காலம் வந்துவிட்டதா? மாற்றுவதென்றால் ஓ.எல்.இ.டி., கியூ.எல்.இ.டி., மினி எல்.இ.டி. என்ற பெயர்களுக்கிடையே எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதல் மறுமொழி

உங்களிடம் இருப்பவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் என்பதால், அவற்றை ஒன்றாகச் சேர்த்து முடிவெடுக்க வேண்டாம்.

வெள்ளை வட்டங்களைப் பொறுத்தவரை, நீங்கள் சொல்லும் அடையாளங்கள் தெளிவாக இருக்கின்றன. எல்.இ.டி. டிவி என்று நாம் அழைப்பது உண்மையில் எல்.சி.டி. திரைதான், அதற்குப் பின்னால் வெளிச்சம் தரும் விளக்குகள் மட்டுமே எல்.இ.டி. அந்த விளக்குப் பட்டைகளில் ஒவ்வொரு விளக்கின்மேலும், ஒளியைப் பரப்புவதற்காகச் சிறு பிளாஸ்டிக் வில்லை ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். ஆண்டுக்கணக்கான சூட்டில் பசை இளகி வில்லை விழுந்துவிட்டால், ஒளி பரவாமல் நேராக வந்து வட்டமாகத் தெரியும். திரை கெடவில்லை, பட்டைகளை மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் அதற்குக் கண்ணாடித் திரையை முழுதாகக் கழற்ற வேண்டும், மின்வழங்கிப் பலகையிலும் ஆபத்தான மின்னழுத்தம் தேங்கியிருக்கும். ஆகவே தயவுசெய்து நீங்களே திறக்காதீர்கள்.

சாம்பல் கறுப்புக்கு, முதலில் இதைச் சோதியுங்கள். இரவுக் காட்சி ஒன்றை செட்டாப் பாக்ஸ் வழியாகவும், பிறகு டிவியிலேயே உள்ள செயலி (ஆப்) வழியாகவும் பாருங்கள். செயலியில் கறுப்பு நன்றாக இருந்து, பாக்ஸில் மட்டும் வெளிறினால், குறை திரையில் இல்லை. பாக்ஸ் கறுப்பை 16 என்ற ஒளிர்வு மதிப்பிலும் வெள்ளையை 235 என்ற மதிப்பிலும் அனுப்ப, டிவி 0 முதல் 255 வரை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த 16 சாம்பலாகத் தெரிகிறது. அமைப்புகளில் 'எச்.டி.எம்.ஐ. பிளாக் லெவல்' என்றோ 'ஆர்.ஜி.பி. ரேஞ்ச்' என்றோ இருப்பதை மாற்றிப் பாருங்கள். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது நிறம் எப்படி இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடியே பாக்ஸில்தான் அதிகம் வெளிறியது. அமைப்பை மாற்றியதும் பெரிய வேறுபாடு தெரிந்தது. இத்தனை ஆண்டுகள் இதை அறியாமல் பார்த்திருக்கிறோம் என்பது வருத்தமாக இருக்கிறது. இருந்தாலும் விளக்கை அணைத்தால் கறுப்பில் மெல்லிய சாம்பல் இன்னமும் இருக்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் நிறம் மாறுவதில்லை.

இரண்டாவது மறுமொழி

பக்கவாட்டில் நிறம் மாறவில்லை என்றால், அது பெரும்பாலும் ஐ.பி.எஸ். வகைத் திரையாக இருக்கும். அதன் மாறுபாட்டு விகிதம், அதாவது வெள்ளையின் ஒளிர்வுக்கும் கறுப்பின் ஒளிர்வுக்கும் உள்ள விகிதம், ஏறத்தாழ 1000:1 என்பதால், எஞ்சியிருக்கும் சாம்பல் அதன் இயல்பு. எந்த அமைப்பாலும் முழுதாகப் போகாது. வி.ஏ. வகைத் திரையில் இது 3000:1 அல்லது அதற்கு மேலும் இருக்கும், ஆனால் பக்கவாட்டில் அமர்பவருக்கு நிறம் வெளுக்கும்.

பெயர்களின் குழப்பத்துக்கு வருகிறேன். கியூ.எல்.இ.டி. என்பதும் எல்.சி.டி. திரைதான். நீல விளக்கின் ஒளியை குவாண்டம் புள்ளிகள் என்னும் நுண்துகள்கள் தூய சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றித் தருவதால் நிறங்கள் செழிக்கின்றன. (இந்தத் துகள்களைக் கண்டறிந்து உருவாக்கியதற்குத்தான் 2023ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு மூவருக்கு வழங்கப்பட்டது.) நிறம் செழித்தாலும் கறுப்பு ஆழமாகிவிடாது என்பதைக் கவனிக்க வேண்டும். கறுப்பை ஆழமாக்குவது மினி எல்.இ.டி. முறை: மிகச் சிறிய விளக்குகளை ஆயிரக்கணக்கில் பரப்பி, அவற்றை மண்டலங்களாகப் பிரித்து, இருண்ட பகுதிக்குப் பின்னால் உள்ள விளக்கை மட்டும் மங்கச் செய்வார்கள். ஆனால் 4கே திரையில் படப்புள்ளிகள் சுமார் 83 இலட்சம். மண்டலங்களோ சில நூறு முதல் சில ஆயிரம் வரைதான். ஆகவே கரிய பின்னணியில் வெள்ளை நிறத்தில் வசன எழுத்து (சப்டைட்டில்) வந்தால், அதைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் தெரியக்கூடும். ஓ.எல்.இ.டி.யில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு படப்புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணைகிறது. இருட்டறையில் அதன் கறுப்புக்கு ஈடில்லை.

4கே என்பதற்காக மட்டும் மாற்ற வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இயல்பான பார்வை உள்ளவருக்கு 43 அங்குல 1080 திரையின் புள்ளிகள் சுமார் 1.7 மீட்டருக்கு அப்பால் தனித்துத் தெரியா. 55 அங்குலத்தில் அந்த எல்லை சுமார் 2.2 மீட்டர். நீங்கள் 3 மீட்டரில் அமர்கிறீர்கள். உங்களுக்குக் கண்கூடாகத் தெரியப்போகும் மாற்றம் கறுப்பின் ஆழமும், வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டை விரித்துக் காட்டும் எச்.டி.ஆர். காட்சிகளின் ஒளிர்வும்தான்.

மூன்றாவது மறுமொழி

நான் ஐந்து ஆண்டுகளாக ஓ.எல்.இ.டி. பயன்படுத்துகிறேன், திரையில் தடம் எதுவும் பதியவில்லை. இரவில் இருவர் படம் பார்ப்பதற்கு அதைவிட மனநிறைவு தரும் திரையை நான் கண்டதில்லை. ஆனாலும் உங்கள் வீட்டுக்கு அதைப் பரிந்துரைக்க எனக்குத் துணிவில்லை. நாங்கள் பலவகைக் காட்சிகளை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள். உங்கள் அப்பாவோ அலைவரிசைச் சின்னமும் கீழே ஓடும் செய்திப் பட்டையும் ஒரே இடத்தில் நிற்க, நாள்தோறும் ஏழெட்டு மணி நேரம் பார்க்கிறார். ஓ.எல்.இ.டி.யின் கரிமப் பொருள் ஒளிர ஒளிரத் தேய்வது; பட்டை நிற்கும் இடம் மற்ற இடங்களைவிட விரைந்து தேய்ந்து, நிழல்போல நிலைத்துவிடும். அதுவும் சன்னல் வெளிச்சத்தை ஈடுசெய்யத் திரையின் ஒளியைக் கூட்டிவைத்தால் தேய்மானம் இன்னும் விரைவாகும்.

எப்போதாவது ஓ.எல்.இ.டி. வாங்கினால் ஒன்றை நினைவில் வையுங்கள்: இரவில் சுவர் சுவிட்சை அணைக்கக் கூடாது. தொலையியக்கியால் (ரிமோட்) அணைத்த பிறகுதான் அது தேய்மானத்தை அளந்து தன்னைச் சீர்செய்துகொள்ளும்.

கேட்டவர்

அப்பாவிடம் அலைவரிசையை மாற்றிப் பாருங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பகல் முழுவதும் அவருக்குத் துணை அந்தச் செய்திதான். ஆகவே இப்போதைக்கு விளக்குப் பட்டைகளை மாற்றிக்கொள்கிறோம். பின்னாளில் வாங்கும்போது வி.ஏ. திரையுடன் கூடிய மினி எல்.இ.டி. என்று முடிவு செய்திருக்கிறோம். பழுது பார்ப்பவரிடம் எதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்? எந்த அறிகுறி வந்தால் இதற்குமேல் செலவு செய்யக் கூடாது?

முதல் மறுமொழியாளர்

விழுந்த வில்லைகளை மட்டும் திரும்ப ஒட்டினால் போதும் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மற்ற வில்லைகளின் பசையும் அதே வயதுடையது. சில மாதங்களில் மீண்டும் திறக்க நேரும், திறக்கும் ஒவ்வொரு முறையும் திரையில் விரிசல் விழும் ஆபத்து உண்டு. எல்லாப் பட்டைகளையும் ஒரே நேரத்தில் மாற்றச் சொல்லுங்கள். கழற்றும்போது திரை உடைந்தால் பொறுப்பு யாருடையது என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். வேலை முடிந்ததும் முழு வெள்ளைப் படம் ஒன்றைத் திரையில் போட்டு, நான்கு மூலைகளையும் பாருங்கள். பிறகு பின்னொளி அளவை 100இல் வைக்காமல், கண்ணுக்குப் போதுமான அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். சூடு குறைந்தால் பட்டைகள் நெடுநாள் உழைக்கும்.

திரையில் மேலிருந்து கீழாக நிலையான கோடுகள் தோன்றினாலோ, ஒரு பக்கம் முழுதும் படம் போனாலோ, கேபிளும் பலகையும் சரிதானா என்று ஒருமுறை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். கோளாறு திரையிலேயே என்று தெரிந்தால் அதோடு நிறுத்திவிட்டு மினி எல்.இ.டி. வாங்குங்கள். செயலிகள் பழையதாகிவிட்டன என்பதற்காக மட்டும் டிவியை மாற்ற வேண்டியதில்லை, எச்.டி.எம்.ஐ. துளையில் செருகும் சிறு கருவி அந்தக் குறையைத் தீர்த்துவிடும்.