மச்சானை வாதத்தில் ஜெயித்துவிட்டேன், இப்போது பேச்சில்லை

நெல்லைக்காரன்: நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), கைக்குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுப்போம். மனைவியின் அண்ணன் பெந்தெகொஸ்தே, விவரம் தெரிந்து விசுவாசித்த பிறகுதான் ஞானஸ்நானம் என்பவர். என் மகளின் ஞானஸ்நான விருந்தில், பந்தியிலேயே "கைக்குழந்தைக்குத் தண்ணீர் தெளித்தால் ஞானஸ்நானமா?" என்றார். நானும் விடவில்லை. பைபிளில் அப்போஸ்தலர் 16-இல் சிறைச்சாலைக்காரன் வீட்டார் எல்லாரும் ஞானஸ்நானம் பெற்றதைச் சொல்லி, எல்லார் முன்னாலும் வாயடைத்தேன். பாதி இலையில் எழுந்து போனவர்தான், நான்கு மாதமாகப் பேச்சில்லை. வீட்டில் ஒரே அழுகை. என்ன செய்யலாம்?

பனைமரம்: அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்ததாக எழுதவில்லையே தம்பி! சரி, அதை விடுங்கள். ரோமர் 14-ஐப் படியுங்கள். எந்த உணவும் தீட்டில்லை என்று பவுலுக்கு நிச்சயம். ஆனாலும் சகோதரன் இடறுவான் என்றால் இறைச்சியைத் தொடாதே என்கிறார்.

சபைமணி: 1947-இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன் மரபினர் சி.எஸ்.ஐ.யாகச் சேர்ந்தபோது, பேராயர் கைவைத்து அபிஷேகம் பெறாத போதகர்களுக்கு மறு அபிஷேகம் கேட்கவில்லை, அப்படியே ஏற்றார்கள். இங்கிலாந்தில் சிலருக்கு அது பெரிய நெருடல்! நீங்களும் அப்படியே, கருத்தை ஓரம் வைத்து அவரை ஏற்றுக்கொள்ளுங்கள். நேரில் போங்கள், பைபிளை வீட்டில் வைத்துவிட்டு.

நெல்லைக்காரன்: நேற்றுப் போனேன். பந்தியில் அவமானப்படுத்தியதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டேன், ஞானஸ்நானம் பற்றி மூச்சுவிடவில்லை. கொஞ்ச நேரம் உர்ரென்று இருந்தார். அப்புறம் "பாப்பாவுக்குப் பல் முளைத்துவிட்டதா?" என்று கேட்டார்.