ஆச்சி வீடு (குழு, 23 பேர்)

2 ஜூலை 2025, புதன்

கார்த்திக்: போட்டோகிராபர் சங்கத்திலிருந்து பதில் வந்துவிட்டது. அப்பாவுக்குக் குடும்ப நல நிதி கிடையாதாம்

கார்த்திக்: [புகைப்படம்]

பிரியா: என்னடா சொல்கிறாய்

பிரியா: 2 லட்சம் உறுதி என்றார்களே

விக்னேஷ்: எழுத்தே தெரியவில்லை மச்சான். ஸ்டூடியோக்காரர் மகன் எடுக்கிற போட்டோவா இது

கார்த்திக்: சரி, டைப் செய்கிறேன். "மறைந்த உறுப்பினரின் நடப்பு ஆண்டுச் சந்தா ஏப்ரல் 9 அன்றுதான் மாநிலக் கணக்கில் வரவாகியுள்ளது. மார்ச் 31க்குப் பின் புதுப்பித்தவர்களுக்கு 90 நாள் கழித்தே நல நிதி உரிமை உண்டு. எனவே விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை. குடும்பத்தாருக்கு ஆழ்ந்த அனுதாபங்கள்." கீழே முத்திரை மட்டும்தான், கையெழுத்து இல்லை

தங்கம் அத்தை: [படம்: தாமரைப்பூ, இனிய காலை வணக்கம்]

தங்கம் அத்தை: ஐயோ கை தவறிப் போய்விட்டது. துட்டி வீட்டில் இதைப் போடுவேனா. என்ன கடிதம் அது?

பிரியா: ஏப்ரல் 9 முதல் 90 நாள் என்றால் ஜூலை 8. சித்தப்பா போனது ஜூன் 21

பிரியா: 17 நாள்

விக்னேஷ்: 17 நாள் கழித்துச் செத்திருக்க வேண்டும் என்கிறார்களா

தங்கம் அத்தை: விக்கி, வாயைக் கழுவு

ராமசாமி பெரியப்பா: நான் அன்றே கேட்டேன். சந்தாவை வசூல் செய்தது யார், கட்டியது யார், எப்போது கட்டினார்கள்? இதற்குப் பதில் தெரிந்தவர் இந்தக் குழுவிலேயே இருக்கிறார்.

பிரியா: அப்பா

முத்து மாமா: அத்தான், என்னைத்தான் சொல்கிறீர்கள் என்று தெரிகிறது. நேராகவே கேட்கலாம்

முத்து மாமா: கிளைக்குப் பொருளாளர் நான்தான். மச்சானிடம் 600 ரூபாய் வாங்கி ரசீது போட்டது மார்ச் 11. கார்பன் தாள் வைத்த ரசீதுப் புத்தகம் இதோ மேசை மேல் இருக்கிறது. 43 பேர் பணத்தையும் சேர்த்து 28ஆம் தேதி மாவட்டப் பொருளாளர் கையில் கொடுத்தேன். கிளைகள் மாநிலக் கணக்கில் நேராகக் கட்டக் கூடாது, மாவட்டம் வழியாகத்தான் வர வேண்டும் என்பது அவர்கள் வைத்த சட்டம், நான் வைத்ததில்லை. மாவட்டத்தில் மற்றக் கிளைகளின் பணமும் வரட்டும் என்று வைத்திருந்து, ஒரே செலானாக ஏப்ரல் 9இல் கட்டியிருக்கிறார்கள். இப்போது எங்கள் கிளையில் 43 பேருமே தாமதக்காரர்கள். ஒருவரும் ஒருநாள்கூடத் தாமதமாகக் கொடுக்கவில்லை.

கார்த்திக்: இது எனக்கே இப்போதுதான் தெரியும் மாமா

விக்னேஷ்: அந்த 600இல் கிளைக்கு எவ்வளவு?

முத்து மாமா: 100. மாவட்டத்துக்கு 100. மாநிலத்துக்கு 400

விக்னேஷ்: அடேங்கப்பா

முத்து மாமா: அந்த 100இல்தான் வாடகை, டீ, ஒருவர் இறந்தால் மாலை, எல்லாம். மச்சானுக்குப் போட்ட மாலை கிளை போட்டது. மாநிலத்திலிருந்து வந்தது கண்ணீர் அஞ்சலி டிசைன் ஒன்று, வாட்ஸ்அப்பில். அதில் பெயர் சந்திரசேகரன் என்று இருந்தது

பிரியா: சித்தப்பா பெயர் வெறும் சந்திரன்தானே

முத்து மாமா: 22 வருட உறுப்பினர்

ராமசாமி பெரியப்பா: உணர்ச்சிவசப்படாமல் கேளுங்கள். பதிவுத்துறையில் 31 ஆண்டு இருந்தவன் சொல்கிறேன். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் பதிவான சங்கம் என்றால் துணைவிதி இருக்கும், உறுப்பினர் பதிவேடு இருக்கும், ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டித் தணிக்கை செய்த கணக்கை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். உங்கள் கிளை தனியாகப் பதிவான சங்கமா? இல்லை. மாநிலச் சங்கத்தின் துணைவிதியில் ஒரு வரி, அவ்வளவுதான். ஆகவே சட்டத்தின் கண்ணில் கிளை என்று ஒன்றே இல்லை, கிளைப் பொருளாளர் என்று ஒருவரும் இல்லை. இது முதல் விஷயம்.

விக்னேஷ்: முத்து மாமா, நீங்களே இல்லையாம்

ராமசாமி பெரியப்பா: இரண்டாவது. பிரிவு 36இன் கீழ்ப் பதிவாளரிடம் விசாரணை கோரலாம். ஆனால் நிர்வாகக் குழுவில் பெரும்பான்மையோ, உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினரோ கேட்க வேண்டும். மாநிலம் முழுக்க உள்ள உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு. 43 பேரை வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகாது. பதிவாளர் தாமாக எடுத்து விசாரித்தால் உண்டு, எடுக்க மாட்டார், நான் அந்த நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருந்தவன்.

தங்கம் அத்தை: அண்ணன், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு 150 பேரா 200 பேரா? சமையல்காரர் இரண்டு தடவை போன் போட்டுவிட்டார்

தங்கம் அத்தை: அட்வான்ஸும் கேட்கிறார்

பிரியா: 200 வைத்துக்கொள்ளுங்கள் அத்தை. ஸ்டூடியோ ஆட்களே 40 பேர் வருவார்கள்

ராமசாமி பெரியப்பா: மூன்றாவது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005. சங்கத்தை நேரடியாகக் கேட்க முடியாது, அது தனியார் அமைப்பு. ஆனால் சங்கம் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்த துணைவிதியையும் திருத்தங்களையும் அந்த அலுவலகத்திடம் கேட்கலாம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். அந்த 90 நாள் விதி அதில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

விக்னேஷ்: 1100க்கு போன் போட்டால் என்ன மாமா? முதல்வர் உதவி மையம்

ராமசாமி பெரியப்பா: அது அரசுத்துறைப் புகாருக்கு. இது அரசுத்துறையா?

விக்னேஷ்: சரி சரி

முத்து மாமா: 90 நாள் விதி எப்படி வந்தது என்று நான் சொல்கிறேன். போன வருடம் மாநிலச் செயற்குழு முடிந்ததும் மாவட்டத் தலைவர்கள் குழுவில் ஒரு மெசேஜ் வந்தது. அங்கிருந்து கிளைத் தலைவர்கள் குழுவுக்கு வந்தது. உறுப்பினருக்கு வரவே இல்லை

பிரியா: பொதுக்குழுவில் ஓட்டு எடுக்கவில்லையா?

முத்து மாமா: எங்களுக்கு ஏது ஓட்டு. மாவட்டத்துக்கு 3 பிரதிநிதிகள், அவர்கள் மட்டும்தான் கை தூக்குவார்கள். நாங்கள் போவது மாநாட்டுக்கு. கிளைக்கு 20 பேர் கட்டாயம், பஸ் எங்கள் செலவு, டி-ஷர்ட் 350. வராத கிளைக்கு 5,000 அபராதம். காலை 10 மணியிலிருந்து பொன்னாடை போர்த்துவார்கள், அப்புறம் லென்ஸ் கம்பெனிக்காரர் பேசுவார், அப்புறம் ஆல்பம் அச்சகக்காரர் பேசுவார். கிளைகளின் குறை கேட்கும் நேரம் என்று நோட்டீஸில் மாலை 4.30 போட்டிருக்கும். போன தடவை நான் மைக்கைப் பிடித்தபோது மேடையில் இருந்தவர்கள் குரூப் போட்டோவுக்கு எழுந்து நின்றுவிட்டார்கள். மச்சானையே கூப்பிட்டு அதை எடுக்கவும் சொன்னார்கள்

கார்த்திக்: அது எனக்கு நினைவிருக்கிறது. அப்பா வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னார். "முத்து மைக்கில் பேசிக்கொண்டிருக்கிறான், நான் இங்கே ஸ்மைல் ப்ளீஸ் சொல்கிறேன்" என்று

விக்னேஷ்: மாநாடு எப்போதும் ஆகஸ்ட் 19தானே, உலகப் புகைப்பட தினம்? 1839இல் டாகுரே கண்டுபிடித்த முறையை உலகத்துக்கே இலவசம் என்று பிரான்ஸ் அரசு அறிவித்த நாள் அது. அன்றைக்குப் போய் டி-ஷர்ட்டுக்கு 350 வாங்குகிறார்கள்

பிரியா: கூகிள் பண்ணிவிட்டு வந்துவிட்டான்

விக்னேஷ்: சந்திரன் மாமா சொன்னதுதான் இது. யாஷிகா கேமராவைக் கையில் கொடுத்து, 12 படம்தான், ஒன்றைக்கூட வீணாக்காதே என்று சொல்லிக் கொடுத்தார். நான் 7 படத்துக்குத் தங்கம்மாவின் ஆட்டுக்குட்டியை எடுத்தேன்

தங்கம் அத்தை: அம்மாவைப் பெயர் சொல்லி எழுதுகிறான் பாரு

ராமசாமி பெரியப்பா: பேச்சை மாற்றாதீர்கள். மார்ச் 28இல் கொடுத்ததற்கு மாவட்டத்திடம் எழுத்துப்பூர்வமான ரசீது இருக்கிறதா, மாப்பிள்ளை?

முத்து மாமா: நோட்டில் கையெழுத்து வாங்கியிருக்கிறேன்

ராமசாமி பெரியப்பா: நோட்டில். தேதியோடா?

முத்து மாமா: தேதி நான் எழுதியது

ராமசாமி பெரியப்பா: அதைத்தான் சொல்கிறேன். பணம் கை மாறும் இடத்தில் எழுத்து வேண்டும். சொந்தம், பழக்கம் என்று விட்டால் இப்படித்தான்.

முத்து மாமா: எழுத்து இல்லாமல் விட்டதைப் பற்றிப் பேசலாம் என்றால் நானும் பேசுவேன் அத்தான். 2011, பிரியா கல்யாணம், கரிஷ்மா ஆல்பம் இரண்டு, வீடியோ. பாக்கி 14,000. மச்சான் எந்த ரசீதிலும் எழுதவில்லை, அண்ணன் என்று விட்டார்

பிரியா: அப்பா, அதை இன்னும் கொடுக்கவில்லையா???

விக்னேஷ்: நான் குளிக்கப் போகிறேன்

ராமசாமி பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ராமசாமி பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தங்கம் அத்தை: [குரல் செய்தி 2:47]

பிரியா: அத்தை, ஆபீஸில் இருக்கிறேன், எழுதுங்கள்

தங்கம் அத்தை: சமையலுக்கு 5,000 அட்வான்ஸ் நான் கொடுத்துவிட்டேன். அப்புறம் ஃபிளெக்ஸுக்குத் தம்பி படம் ஒன்று வேண்டும் என்கிறான் கடைக்காரன். ஆதார் படம்தான் இருக்கிறதாம், அதில் திருடன் மாதிரி இருக்கிறான் தம்பி

கார்த்திக்: அப்பாவே அந்தப் படத்தைப் பார்த்தால் அடிக்க வருவார். ஹார்ட் டிஸ்க்கில் தேடுகிறேன். 40,000 கல்யாணப் படம் இருக்கிறது, அவர் இருப்பது ஒன்றுகூடக் கிடைக்கவில்லை

கார்த்திக்: ஆங், சொல்ல மறந்துவிட்டேன். திங்கட்கிழமை கூரியரில் சங்கத்து உறுப்பினர் அட்டை வந்தது, அம்மா வாங்கி சாமி அலமாரியில் வைத்துவிட்டாள். இப்போதுதான் பிரித்தேன்

கார்த்திக்: [புகைப்படம்]

விக்னேஷ்: இது யாருடா

பிரியா: இது சித்தப்பா இல்லையே!! மீசையே இல்லை

முத்து மாமா: இது யாரென்று எனக்கும் தெரியவில்லை. எங்கள் கிளையில் இப்படி ஒருவர் கிடையாது. 43 பேருக்கும் மச்சான்தான் படம் எடுத்து ஒரே அளவில் வெட்டி அனுப்பினார்

விக்னேஷ்: போட்டோகிராபர் சங்கத்துக்குப் போட்டோ ஒட்டத் தெரியவில்லை

ராமசாமி பெரியப்பா: கார்த்திக், அட்டையில் செல்லுபடிக் காலம் என்ன போட்டிருக்கிறது? எழுத்து எழுத்தாகச் சொல்.

கார்த்திக்: 01-04-2025 முதல் 31-03-2026 வரை. பெயரும் உறுப்பினர் எண்ணும் சரியாக இருக்கிறது

ராமசாமி பெரியப்பா: ஏப்ரல் 1 முதல். அப்படியானால் இடைவெளியே இல்லை. ஏப்ரல் 9 என்று கடிதம் சொல்கிறது, ஏப்ரல் 1 என்று அட்டை சொல்கிறது, இரண்டும் ஒரே அலுவலகம் கொடுத்தவை. இது போதும். கூரியர் கவரைத் தூக்கிப் போட்டுவிடாதே, அனுப்பிய தேதி அதில்தான் இருக்கும்.

முத்து மாமா: அத்தான், இது நல்ல பாயிண்ட்

பிரியா: ஆனால் படம் வேறு ஆளாக இருக்கிறதே அப்பா, இது உங்கள் அட்டையே இல்லை என்று சொல்லிவிட்டால்?

ராமசாமி பெரியப்பா: சொல்வார்கள். எண்ணைக் காட்ட வேண்டும்.

முத்து மாமா: மாநிலச் செயற்குழு திருச்சியில் கூடுகிறது. அங்கே வைத்துக் கேட்டால்தான் உண்டு, விட்டால் அடுத்தது அக்டோபர். ஆனால் அது இந்த ஞாயிறு, 6ஆம் தேதி

பிரியா: காரியம் அன்றைக்கா?

தங்கம் அத்தை: தாய்மாமன் இல்லாமல் கார்த்திக்குக்கு யார் உருமாத் தலைப்பாகை கட்டுவது? முத்து எங்கும் போகக் கூடாது

முத்து மாமா: அதைத்தான் யோசிக்கிறேன் மதினி

விக்னேஷ்: கிளைத் தலைவரை அனுப்புங்கள்

முத்து மாமா: அவர் மாவட்டத் துணைத்தலைவர் பதவி கேட்டுக்கொண்டிருக்கிறார். வாய் திறக்க மாட்டார்

விக்னேஷ்: நான் போகட்டுமா? சனி இரவு பெங்களூரிலிருந்து திருச்சி வழியாகத்தான் வருகிறேன்

முத்து மாமா: உறுப்பினர் இல்லாதவரை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள் விக்கி

விக்னேஷ்: அந்த அட்டையைக் காட்டி உள்ளே போகிறேன். அதில் இருப்பது யாராக வேண்டுமானாலும் இருக்கலாமே

பிரியா: டேய்

ராமசாமி பெரியப்பா: உருமாக் கட்டை 6 மணிக்கே முடித்துவிட்டால்? கோவில்பட்டியில் பஸ் ஏறினால் திருச்சிக்கு நாலரை மணி நேரம். கூட்டம் எத்தனை மணிக்கு?

முத்து மாமா: 11 என்பார்கள். 12 ஆகும்

தங்கம் அத்தை: 6 மணிக்கு எந்தச் சொந்தக்காரன் வருவான்? 9 மணி என்று எல்லோருக்கும் சொல்லியாயிற்று. கலாவிடம் யாராவது கேட்டீர்களா?

கார்த்திக்: அம்மாவிடம் இப்போது இதைக் கேட்க முடியாது அத்தை. இரவு கேட்டுப் பார்க்கிறேன்

ராமசாமி பெரியப்பா: முதலில் கடிதத்தை நான் எழுதித் தருகிறேன், யார் கொண்டு போவது என்று அப்புறம் பார்க்கலாம். கார்த்திக், உன் ஜிபே எண்ணைத் தனியாக அனுப்பு.

கார்த்திக்: எதற்குப் பெரியப்பா?

ராமசாமி பெரியப்பா: அனுப்பு என்றால் அனுப்பு.

பிரியா: 🙏

கார்த்திக்: கூரியர் கவரைத் தேடி எடுத்துவிட்டேன். பின்பக்கம் அம்மா மளிகைப் பட்டியல் எழுதியிருக்கிறாள், உளுந்து 5 கிலோ, எள் கால் கிலோ. தேதி முத்திரை மேல் எண்ணெய் பட்டிருக்கிறது. 26 போலத் தெரிகிறது, 28ஆகவும் இருக்கலாம்

தங்கம் அத்தை: உளுந்து 5 கிலோ போதாது. 200 பேர்