உபரிக் கருவா, எச்சக்கருவா? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

ஜார்ஜ்டவுன் மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். இங்குள்ள ஒரு கருத்தரிப்பு மையத்தின் ஒப்புதல் படிவம், நாலு பக்கம், என் கையில் இருக்கிறது. மலாயில் உண்டு, தமிழில் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம். சோதனைக்குழாய் முறையில் உண்டாக்கி, தாய்க்கு வைத்தது போக உறைய வைத்திருக்கும் எம்பிரியோக்களை என்ன செய்யலாம் என்று தம்பதியரைக் கேட்கிறது. கட்டணம் கட்டித் தொடர்ந்து வைத்திருக்கலாம், அப்புறப்படுத்தச் சொல்லலாம், ஸ்டெம் செல் (உடலின் பல வகைச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல்) ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம். நான் 'உபரிக் கருமுட்டை' என்று போட்டிருக்கிறேன். சரியா?

கோலாலம்பூர் டாக்டர்:
கருமுட்டை கூடவே கூடாது. 'கருமுட்டை தானம்' என்று பத்திரிகையில் வந்தால் அது விந்து சேராத வெறும் முட்டை, ஒரு பெண்ணின் உடலிலிருந்து மட்டும் வருவது. இதுவோ இருவருடையது. ஐந்தாம் நாளில் நூற்றுக்கு மேல் செல்கள், உள்ளே ஓரமாக ஒரு சிறு கொத்து. அந்தக் கொத்தைப் பிரித்து வளர்த்துத்தான் 1998இல் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் குழு மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல் எடுத்தது. பிரித்தால் கரு அழிந்துவிடும்.

'உபரி' பட்ஜெட் வாசனை அடிக்கிறது. ஆனால் மிஞ்சியது என்ற பொருள் மட்டும் போய்விடக் கூடாது. 2005இல், இஸ்லாமிய மார்க்கத் தீர்ப்பு சொல்லும் நம் மலேசிய தேசிய ஃபத்வா மன்றம் பிடித்த கோடே அதுதான்: சிகிச்சையில் மிஞ்சியதைத் தம்பதியர் சம்மதித்தால் ஆய்வுக்குத் தரலாம், ஆய்வுக்கென்றே கரு உண்டாக்கக் கூடாது.

நிபோங் திபால் ஓய்வுபெற்ற ஆசிரியர்:
சொல் நம்மிடமே இருக்கிறது: எச்சக்கரு. எஞ்சியது எச்சம். 'அவரவர் எச்சத்தாற் காணப்படும்' என்ற குறளுக்குப் பரிமேலழகர் மக்கட்பேறு என்றே உரை சொல்கிறார். ஆக மிச்சம், பிள்ளை, இரண்டும் ஒரே சொல்லில்! இலக்கணத்தையும் பாருங்கள். வினையெச்சம் முடிக்கும் வினைக்குக் காத்து நிற்கும். உறைந்த கரு கருப்பைக்குக் காத்து நிற்கிறது. இதைவிடப் பொருத்தம் வேறெங்கே கிடைக்கும்?

பட்டர்வொர்த் தாதி:
ஐயா, கோபித்துக்கொள்ளக் கூடாது. எச்சம் என்றால் எங்களுக்குக் காக்காய் எச்சம்தான். பிள்ளை வரம் கேட்டுக் கோயில் கோயிலாக ஏறி இறங்கிய பெண்ணிடம் 'உங்கள் எச்சக்கரு' என்று என்னால் தாளை நீட்ட முடியாது. இன்னொன்று: டாக்டர் 'அழிந்துவிடும்' என்றாரே, அது படிவத்தில் இருக்கிறதா?

ஜார்ஜ்டவுன் மொழிபெயர்ப்பாளர்:
இல்லை அக்கா. 'ஆய்வுக்குப் பயன்படுத்தப்படும்' என்பதோடு சரி. மூலத்தில் இல்லாததை நான் சேர்க்க முடியாது. மையத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். அப்படியே ஸ்டெம் செல்லுக்குக் 'குருத்தணு' போடலாமா?

நிபோங் திபால் ஓய்வுபெற்ற ஆசிரியர்:
குருத்து தென்னைக்கு. காழ் என்றால் வைரம், அதாவது தண்டின் கெட்டியான பகுதி. தொல்காப்பிய மரபியலில் புறக்காழ் புல், அகக்காழ் மரம். தென்னைக்கு வைரம் வெளியே, ஆகவே புல். மனிதனுக்கு எலும்பு உள்ளே, ஆகவே அகக்காழ். தளிர் மரத்தோடு வரும் சொல் என்று மரபியலே சொல்கிறது. எனவே 'தளிரணு' என்பதே மரபு.

பங்சார் தம்பி:
ஐயா, மனிதனை மரமாக்கிவிட்டீர்களே! நானும் மனைவியும் இந்த வழியாக வந்தவர்கள். திரையில் காட்டி '4ஏஏ, நல்ல தரம்' என்றார்கள், குமிழி மாதிரி ஒன்று. அவள் தன் அம்மாவுக்குப் போனில் சொன்னது: "இன்னும் ரெண்டு எம்பிரியோ ஐஸ்ல இருக்கும்மா." அம்மாவுக்குப் புரிந்தது. எம்பிரியோ, ஸ்டெம் செல் என்றே விடுங்கள்.

கோலாலம்பூர் டாக்டர்:
அம்மாவுக்கு ஐஸ் புரிந்திருக்கும். எம்பிரியோ என்றால் ஏதோ மருந்து என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். 'கரு' என்றதும்தான் பேனா ஒரு நிமிஷம் நிற்கிறது.

பங்சார் தம்பி:
டாக்டர், அதுதான் எனக்குப் பயமே. 'கருவைக் கலைத்தாள்' என்று பேசுகிற ஊரில் கரு என்று எழுதினால் பாதிப் பேர் வயிற்றுப் பிள்ளை என்றே எடுத்துக்கொள்வார்கள். அது தகவலா, மிரட்டலா?

பட்டர்வொர்த் தாதி:
அப்படியானால் 'ஐந்து நாள் கரு' என்று எழுதுங்கள். வயசைச் சொல்லிவிட்டால் யாருக்கும் குழப்பம் வராது.

ஜார்ஜ்டவுன் மொழிபெயர்ப்பாளர்:
சில மூன்றாம் நாளிலேயே உறைய வைத்தவையாம் அக்கா. நேரமும் இல்லை. பெரும்பாலோர் சம்மதத்துடன் 'எஞ்சிய கரு' என்று போட்டு அனுப்புகிறேன். முதல் பக்கத்தில் மட்டும் 'எம்பிரியோ எனப்படும், கருப்பையில் வைக்கப்படாத கரு' என்று ஒரு விளக்கம். ஸ்டெம் செல் அப்படியே இருக்கும். அழியும் என்ற வரிக்கு மையத்திலிருந்து இன்னும் பதில் இல்லை.

நிபோங் திபால் ஓய்வுபெற்ற ஆசிரியர்:
தாராளமாக அனுப்புங்கள். 'எஞ்சிய' என்பது பெயரெச்சம். தளிரணு பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.